உங்கள் வீட்டு வழக்கில் வக்கீல் யார் பக்கம்?

புதுச்சேரியில் பழைய ஓட்டு வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பும் இடங்களில் பெரும்பாலும் ஒரு ஜாயின்ட் வென்ச்சர் ஒப்பந்தம் இருக்கும். மனை அண்ணன் தம்பிகளின் பொதுச் சொத்து. அவர்களில் ஒருவர் பிரான்சில் இருப்பார். இங்கே இருப்பவருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருப்பார். பணம் பில்டருடையது. ஒப்பந்தத்தை எழுதுபவரும் பல நேரம் பில்டருக்கு வழக்கமாக வேலை பார்க்கும் வக்கீல்தான். "ரெண்டு பக்கத்துக்கும் சாரே பாத்துடுவாரு, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். சுவரில் விரிசல் விழுந்தபோதோ, சொன்ன தேதிக்குச் சாவி வராதபோதோ, வீட்டுக்காரர் அதே வக்கீலின் படியைத்தான் ஏறுகிறார். ஆபத்து அங்கே தொடங்குகிறது.

ஒரே ஆள் இரு தரப்புக்கும் பத்திரம் எழுதுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பத்திரம் எழுதிய நொத்தேர் ஒரு பொது அதிகாரி. இரு தரப்புக்கும் நடுநிலையாக நிற்பது அவருடைய பதவியின் கடமை. அந்த நம்பிக்கையின் மிச்சம் பழைய குடும்பங்களில் இன்னும் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இன்றைய வக்கீல் நொத்தேர் அல்ல. அவருக்குக் கட்சிக்காரர் உண்டு. அந்தக் கட்சிக்காரரின் நலனைக் காப்பதுதான் அவர் வேலை. எதிரெதிர் நலன் உள்ள இருவருக்கு அவர் ஒரே நேரத்தில் அதைச் செய்ய முடியாது.

இந்திய பார் கவுன்சில் விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. எதிர்த்தரப்போடு தனக்குள்ள தொடர்பையும், அந்த விவகாரத்தில் தனக்குள்ள ஆதாயத்தையும் வக்கீல் கட்சிக்காரரிடம் முழுமையாகச் சொல்ல வேண்டும் என்கிறது 14-ஆம் விதி. ஒரு வழக்கில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர், மனு தயாரித்தவர், ஆஜரானவர் பிறகு எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்கிறது 33-ஆம் விதி. தனக்கே பணத் தொடர்பு உள்ள விவகாரத்தில் வாதாடவும் கூடாது. நீங்கள் அவரிடம் நம்பிச் சொன்ன ரகசியம், அவரை நீங்கள் விலக்கிய பிறகும் உங்கள் ரகசியம்தான். 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய சட்டம், பிரிவு 132 அதற்குக் காப்பு.

தில்லியில் ஒரு சொத்து வழக்கை நடத்திய வக்கீல், அந்தச் சொத்தின் ஒரு பகுதியைத் தன் கட்சிக்காரரிடமிருந்து தானே விலைக்கு வாங்கினார். பார் கவுன்சில் அவரை ஓராண்டு இடைநீக்கம் செய்தது. 1997-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பி.டி. குப்தா வழக்கு என்றால் வக்கீல்களுக்கு நன்றாகத் தெரியும்.

இப்படி வெளிப்படையாகத் தெரிவதைவிட, கண்ணில் படாமல் போவதுதான் அதிகம். வீட்டுக்கடன் தரும் வங்கி உங்கள் செலவில் லீகல் ஒப்பினியன் வாங்கும். ஆனால் அந்த வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார், உங்களுக்காக அல்ல. கடனுக்கு ஈடாகச் சொத்து நிற்குமா என்பது அவர் கவலை. ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு நஷ்டஈடு உண்டா என்று அவர் பார்த்துச் சொல்வார் என எதிர்பார்க்காதீர்கள். வக்கீல் அலுவலகமும் அப்படித்தான். சீனியர் பில்டருக்கும் ஜூனியர் உங்களுக்கும் என்றால், இரண்டு கேஸ் கட்டும் ஒரே அலமாரியில் இருக்கும். குடும்பத்துக்குள்ளும் இது உண்டு. அண்ணனுக்கும் பாரீசில் உள்ள தம்பிக்கும் ஒரே வக்கீல் என்றால், பாகம் பிரிப்பதில் மனத்தாங்கல் வந்த நாளிலிருந்து அவர் யாருக்காகப் பேசுவார்?

ஆகவே வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்: "சார், இந்த பில்டருக்கோ அவர் கம்பெனிக்கோ நீங்களோ உங்க ஆபீசோ எப்பவாவது வேலை பார்த்திருக்கீங்களா?" இது மரியாதைக் குறைவு அல்ல, நேர்மையான வக்கீல் தயங்காமல் பதில் சொல்வார். பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தாக வாங்கிவையுங்கள். அறிமுகம் இருப்பதே குற்றமாகிவிடாது. இவ்வளவு சின்ன ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் தெரிந்தவர்கள்தான். மறைப்பதுதான் குற்றம். அச்சடித்த வக்காலத்து படிவத்தில், வழக்கை ராஜி செய்துகொள்ளும் அதிகாரமும் வக்கீலுக்கு இருக்கும். அதைப் படித்துப் பாருங்கள். கட்சிக்காரரின் வெளிப்படையான அறிவுறுத்தல் இல்லாமல் வக்கீல் எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 2015-இல் ஒரு வீட்டுவசதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வக்கீலுக்கு எதிர்த்தரப்போடு தொடர்பு இருப்பது வழக்கு பாதியில் இருக்கும்போது தெரியவந்தால் முதலில் கோபத்தை ஒதுக்கி வையுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு என்று பாருங்கள். வாய்தா தவறினால் நீங்கள் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிடலாம். அந்தத் தீர்ப்பை விலக்க மனு போட 30 நாள்தான் கெடு. கேஸ் கட்டைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பாகிவிட்டது. வக்காலத்தை மாற்றப் பழைய வக்கீல் சம்மதம் தராவிட்டால், காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதியோடு புதியவரை வைத்துக்கொள்ளலாம்.

புகார் அதற்குப் பிறகு. அது போக வேண்டிய இடம் சென்னையில் உள்ள தமிழ்நாடு - புதுச்சேரி பார் கவுன்சில். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் பிரிவு 35-இன் கீழ், மனுவாக எழுதி, உள்ளடக்கம் உண்மை என்று உறுதிமொழி சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஓராண்டுக்குள் முடிவாகாவிட்டால் விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். கண்டனம், இடைநீக்கம், பெயர் நீக்கம் ஆகியவைதான் அங்கே கிடைக்கும் தண்டனைகள். உங்கள் நஷ்டத்துக்கு ஈடு வேண்டுமானால் சிவில் வழக்கு போட வேண்டும். வக்கீல் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியை 2024 மே 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. ஏமாற்றப்பட்ட சாமானியருக்கு அது பெரிய இழப்பு என்றே நான் நினைக்கிறேன்.

பில்டர் மேல் அந்தத் தடை இல்லை. வீடு வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்தில் தானே புகார் கொடுத்து, தானே வாதாடலாம். திட்டம் பதிவுக்கு உட்பட்டதாக இருந்தால் புதுச்சேரி ரெராவிலும் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) அப்படியே செய்யலாம். வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் வெளிப்படும் கட்டுமானக் குறையைச் செலவு வாங்காமல் சரிசெய்வது பில்டரின் பொறுப்பு. புது வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் புதுச்சேரி சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். தொலைபேசியில் 15100.