விதை ஒன்றானால் விளைச்சலும் ஒன்றே!

பாட்டரியில் ஓடும் தாய விளையாட்டுப் பெட்டி ஒன்று. பொத்தானை அழுத்தினால் 3, 5, 1, 6 என்று எண்கள் வருகின்றன. அணைத்துவிட்டு மறுபடி போட்டால், மீண்டும் அதே 3, 5, 1, 6! பெட்டியில் பழுது ஏதும் இல்லை. பின் என்ன காரணம்?

சிப்புக்குத் தானாகக் குலுக்கிப் போடத் தெரியாது. 'விதை' எனப்படும் ஒரு தொடக்க எண்ணைப் பெருக்கி, கூட்டி, வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் காட்டுகிறது. விதை மாறாவிட்டால் வரிசையும் மாறாது.

பெரிய கம்ப்யூட்டருக்கு இந்தத் தொல்லை குறைவு. விசைகளைத் தட்டும் நேரம், மவுசின் அசைவு, வட்டின் நுண்ணிய தாமதம் ஆகியவற்றிலிருந்து அது விதையைத் திரட்டிக்கொள்ளும். சுவரில் மாட்டிய இன்டர்நெட் ரௌட்டருக்கு இவை ஏது? பல சிறு கருவிகளில், மின்சாரம் நின்றால் கடிகாரமும் பழைய நேரத்துக்கே திரும்பிவிடும்.

விளையாட்டுப் பெட்டி என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ரகசியப் பூட்டு என்றால்?

ஆர்.எஸ்.ஏ. முறையில், இரண்டு மிகப் பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் எண்ணே ஊரறிந்த பூட்டு. அந்த இரண்டு எண்களும்தான் சாவி. பெருக்குத் தொகையிலிருந்து அவற்றைப் பிரிப்பது நடைமுறையில் ஆகாத காரியம். ஆனால் இரண்டு கருவிகளின் பூட்டுகளில் ஒரு பகா எண் பொதுவாக அமைந்துவிட்டால், பள்ளியில் படித்த மீப்பெரு பொதுக் காரணிக் கணக்கே போதும்; இரண்டு பூட்டும் திறந்துகொள்ளும்.

இது வெறும் கற்பனை அல்ல. 2012-ல் மிச்சிகன், கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இன்டர்நெட் எங்கும் உள்ள பூட்டுகளைத் திரட்டி ஒப்பிட்டார்கள். சுமார் 64,000 முகவரிகளின் சாவி கிடைத்தது! அவற்றில் பெரும்பாலானவை ரௌட்டர் போன்ற சிறு கருவிகள். முதன்முதலாக இயங்கத் தொடங்கியதும், போதிய விதை சேருமுன்பே சாவி செய்துகொண்டவை.

பரிகாரம் உண்டு. மின்சுற்றில் இயல்பாக எழும் இரைச்சலை அளந்து விதையாக்கலாம். ஆனால் ஒரே ஒரு தடவை அளந்தால் போதாது. 10 பிட் அளவீட்டில் கிடைப்பவை 1,024 விதைகளே. திருடன் அத்தனையையும் நொடியில் போட்டுப் பார்த்துவிடுவான். பல தடவை அளந்து சேர்க்க வேண்டும். தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கருவிக்கும் தனி விதை இடலாம். இயங்கும்போதே அடுத்த தடவைக்கான விதையை எடுத்து வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, விதை சேரும்வரை சாவி செய்யாமல் காத்திருக்க வேண்டும்.

விதைநெல்லைத் தனியே காப்பது உழவர் வழக்கம். சின்னஞ்சிறு சிப்புக்கும் அதுவே பாடம்.