பறை சொல்லித்தருபவருக்கு ஒரு சான்றிதழ்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் ஓட்டப்பிடாரத்தில் நாங்கள் ஒரு மேசை போட்டு உட்காருவது வழக்கம். கல்லூரி விண்ணப்பம் நிரப்பித் தருவோம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க இ-சேவை மையத்துக்கு எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று சொல்வோம். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் நர்சிங் கேட்பார்கள், மீதிப் பேர் பி.காம். இந்த ஆண்டு தகப்பனோடு வந்த ஒரு பெண் பிள்ளை கேட்டதற்கு எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

"பறை சொல்லிக்குடுக்கிற டீச்சர் ஆகணும் சார். அதுக்கு எந்த காலேஜ்ல சேரணும்?"

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் தகப்பன் குறுக்கே வந்தார். "அவ சொல்றத எழுதாதீங்க தம்பி. வேற எதுனாலும் எழுதுங்க. இந்தக் குச்சி என்னோட போகட்டும்."

அவர் முப்பது வருடமாக வாசிப்பவர். மழை பெய்தால் உளுந்து, பாசி பறிக்கப் போவார், மற்ற நாளில் கிடைத்த வேலைக்குப் போவார். சித்திரை, வைகாசியில் கோயில் கொடை, ஆண்டு முழுக்க இழவு வீடு. மகள் அவரிடமே கற்றவள். பதினோராம் வகுப்பில் படிக்கும்போது பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழாவில் வாசித்துப் பரிசும் வாங்கியிருக்கிறாள். அவள் படித்த பள்ளியில் இசை ஆசிரியர் கிடையாது. வீட்டு முற்றத்தில் அப்பா வாயால் சொல்லச் சொல்ல இவள் அடித்துப் பழகியதுதான். பரிசு கொடுக்கும்போது 'பயிற்சி அளித்தவர்' என்று ஒலிபெருக்கியில் வேறொரு ஆசிரியரின் பெயரை வாசித்தார்களாம். அந்த ஆசிரியர் நல்லவர், பஸ் செலவுக்குத் தன் கையிலிருந்து காசு கொடுத்தவர் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். "ஆனா சொல்லிக்குடுத்தது எங்கப்பா" என்றாள்.

அவளுடைய கேள்வியின் வேர் இதுதான் என்று எங்களுக்குத் தோன்றியது. சொல்லிக்கொடுக்கிறவர் ஒருவர், ஆசிரியர் என்று எழுதப்படுகிறவர் இன்னொருவர். நடுவில் நிற்பது ஒரு தாள்.

அந்தத் தாள் எங்கே கிடைக்கிறது என்று பார்ப்போம். தூத்துக்குடியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழு பாடங்கள், மூன்றாண்டுப் படிப்பு. 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். நாதசுரம், தவில், தேவாரம் மூன்றுக்கும் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். இது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாத செய்தி என்பதால் அழுத்திச் சொல்கிறோம். அறநிலையத் துறைக் கோயில்களில் நாதசுர, தவில் பணியிடங்களுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளைப் பாருங்கள். அரசோ சமய நிறுவனமோ நடத்தும் இசைப்பள்ளியின் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். அதற்கு மேலே போக வேண்டுமானால் சென்னை, மதுரை, திருவையாறு, கோவை அரசு இசைக் கல்லூரிகள், 2013இல் தொடங்கிய இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம், இசை ஆசிரியர் பயிற்சி என்று படிக்கட்டு நீள்கிறது.

இசைப்பள்ளியின் அந்த ஏழு பாடங்களில் பறை இல்லை. முதல் படியே இல்லாமல் மாடிக்கு எப்படி ஏறுவது?

இத்தனைக்கும் தமிழ் படித்த யாரும் பறையைப் புதியது என்று சொல்ல முடியாது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் வகுக்கும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் வைக்கிறது. குறிஞ்சிக்கு ஒன்று, நெய்தலுக்கு ஒன்று. புறநானூற்றின் 335ஆம் பாடல் சிறப்பித்துச் சொல்லும் நான்கு குடிகளில் பறையனும் ஒருவன். முதுகலைத் தமிழ் வகுப்பில் இந்த இரண்டையும் விரித்துரைக்காத பேராசிரியர் கிடையாது. அதே வகுப்பறைக்குள் ஒரு பறையைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டியவரை நாங்கள் மாணவர்களாக இருந்தபோது பார்த்ததில்லை.

இசைக்கு வறண்ட பூமியும் அல்ல இது. எட்டயபுரத்தில்தான் 1835இல் முத்துசாமி தீட்சிதர் மறைந்தார். அங்கேதான் 1904இல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' அச்சேறியது. ஒரு மரபு முழுவதையும் குறிப்பெழுதி, அடுத்த தலைமுறை உட்கார்ந்து படிக்கும் பாடமாக்கிய புத்தகம் அது. அதற்கு ஜமீன் இருந்தது, அச்சுக்கூடம் இருந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்து 1964இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரத்தை இன்றும் இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ஒலிபரப்புகிறார்கள். அவர் எந்தப் பட்டமும் வாங்கவில்லை, ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்றார். யாரிடம் கற்றார் என்பதே அவருக்குச் சான்றிதழாக இருந்தது. நம் தகப்பன்மார்களிடம் கற்றேன் என்றால் எந்த மேடையில் அது சான்றிதழ்?

தோல் கருவிகளின் கதை இன்னும் கசப்பானது. டி.எம்.கிருஷ்ணா 2020இல் ஆங்கிலத்தில் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' மிருதங்கம் செய்பவர்களின் வரலாறு. மாட்டுத் தோலைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, சுருதிக்குக் கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். வாசித்த வித்துவான்களின் பெயர் வரலாற்றில் நின்றது. செய்தவர்களின் பெயரைத் தேடிப் பிடித்து எழுத ஒரு புத்தகம் தேவைப்பட்டது. அந்தப் புத்தகத்தின் வெளியீட்டு விழாவுக்கு கலாக்ஷேத்ரா முதலில் இடம் கொடுத்துவிட்டுப் பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றதும் நடந்தது. மிருதங்கம் மடியில் ஏறியது, பட்டப் படிப்பானது. அதே மாட்டுத் தோலால் ஆன பறை, தெருவிலேயே நின்றுவிட்டது.

இனி அந்தத் தகப்பனின் பேச்சுக்கு வருவோம். அதை அறியாமை என்று நாங்கள் ஒதுக்க மாட்டோம். நம்முடைய இயக்க வரலாற்றில் பாதி அந்தப் பேச்சுதான். தென்னாற்காட்டில் எல்.இளையபெருமாள் போன்ற தலைவர்கள் இழவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மக்களைத் திரட்டினார்கள். அதற்காக ஊர் விலக்கமும் அடியும் பட்டவர்கள் உண்டு. கூலி என்று ஒன்றைப் பேசாமல், கூப்பிட்டால் வந்தே ஆக வேண்டும் என்று ஒரு சாதியை நிறுத்திவைத்த வேலை அது. அதை உதறியவர்கள் நமக்குச் செய்தது பெரிய உதவி.

இன்னொரு பாதியும் இருக்கிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையையே விடுதலைப் பாடமாக நடத்தினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை எடுத்துத் தோளில் மாட்டினார்கள். புத்தர் கலைக்குழுவின் மணிமாறனும் மகிழினியும் ஊர் ஊராகப் பயிற்சி கொடுத்தார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் தமிழ்நாட்டுக்கு வந்து பறை கற்று, 2011இல் ஆவணப்படம் எடுத்தார். கட்டாயத்தால் அடிப்பது வேறு, விரும்பிக் கற்பது வேறு என்பதை இவர்கள் செய்து காட்டினார்கள். எங்கள் நிலையும் அதுவே. இழவு வீட்டுக்கு மறுத்த கை, கல்லூரிக்கு எடுத்துப் போனால் அதில் முரண் எதுவும் இல்லை.

2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பறைக்காகக் கிடைத்த விருது. பல ஆண்டுகளாக இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்து வருபவர், பெயரிலேயே ஆசான் இருக்கிறது. ஆனால் ஓர் அரசுப் பள்ளியில் பறை ஆசிரியர் பணியிடம் என்று அறிவித்தால், அதற்குக் கேட்கப்படும் சான்றிதழை எந்த ஆசான் எங்கே போய் வாங்குவார்? நம் கலைஞர்களை அரசு நலவாரிய அட்டையில் அறியும், 'நலிந்த கலைஞர்' உதவித்தொகைப் பட்டியலில் அறியும். ஆசிரியர் பட்டியலில் அறியாது.

பறையைக் கற்பிக்க என்ன இருக்கிறது, நாலு அடிதானே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டவர்களில் படித்தவர்களும் சேர்த்தி. சப்பரத்தடி, பாடம் அடி, மருள் அடி, சாமிச்சாட்டு, ஒத்தையடி, வாழ்த்தடி என்று ஒவ்வொன்றுக்கும் தனி நடை இருக்கிறது. வலக்கையில் தடித்த அடிக்குச்சி, இடக்கையில் மெலிந்த நீளக் குச்சி, இரண்டுக்கும் இரண்டு வேலை. வாசித்துக்கொண்டே ஆட வேண்டும், ஆடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவனின் அடியைக் கேட்க வேண்டும். தீயில் எவ்வளவு வாட்டினால் தோல் ஏறும், பனிக் காலத்தில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது தனிப் படிப்பு. கட்டையோடு தோலை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சுவதிலிருந்து தொடங்கினால் மூன்று ஆண்டுக்குப் பாடத்திட்டம் போதாது. முனைவர் மு.வளர்மதி போன்றோர் பறையைப் பற்றி ஆய்வு நூல் எழுதிவிட்டார்கள். கேரளத்தில் 1930இல் தொடங்கிய கலாமண்டலத்தில் செண்டைக்குப் பட்டம் கொடுக்கிறார்கள். செண்டை கோயிலுக்குள் இருந்த கருவி, அதனால் கல்லூரிக்குள் போவது எளிதாக இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

தெருவிலிருந்து போன கருவியும் உலகத்தில் உண்டு. டிரினிடாட் தீவில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள் முரசு அடிப்பதை 1880களில் வெள்ளையர் அரசு தடுத்தது. அவர்கள் மூங்கிலைத் தரையில் தட்டினார்கள், பிறகு தகர டப்பாவுக்கும் எண்ணெய்ப் பீப்பாய்க்கும் போனார்கள். அதிலிருந்து பிறந்த 'ஸ்டீல் பேன்' வாசித்தவர்களை ரவுடிகள் என்றுதான் அந்த ஊர்ப் பெரியவர்கள் அழைத்தார்கள். 1992இல் அதுவே அந்நாட்டின் தேசிய இசைக்கருவி ஆனது. மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் செயின்ட் அகஸ்டின் வளாகத்தில் இன்று அதைப் பாடமாகப் படிக்கலாம்.

ஆனால் எங்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. நாளைக்கே பறைக்குப் பட்டப் படிப்பு வந்தால் அதில் பேராசிரியராக உட்காரப்போவது யார்? பறை இன்று நகரத்துப் பயிலரங்குகளில் கட்டணம் வாங்கிக் கற்பிக்கப்படுகிறது, அமெரிக்கத் தமிழ்ச் சங்க மேடைகளில் ஒலிக்கிறது. மகிழ்ச்சிதான். முனைவர் பட்டமும் நெட் தேர்ச்சியும் கேட்டு விளம்பரம் வந்தால், பறையை மூன்று மாதம் பழகிய ஒருவர் அந்த நாற்காலிக்குத் தகுதி பெறுவார், முப்பது வருடம் வாசித்தவர் வாசலில் நிற்பார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல், துறையில் 15 ஆண்டு அனுபவம் உள்ளவர்களைப் பட்டம் கேட்காமல் 'நடைமுறைப் பேராசிரியர்' ஆக நியமிக்கலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2023இல், உள்ளூர்க் கலைஞர்களைக் கல்லூரிகள் 'உறைவிடக் கலைஞர்' என்று சேர்த்துக்கொள்ளவும் வழி சொன்னது. இந்த இரண்டையும் நம் பக்கத்துக் கல்லூரிகள் பறைக் கலைஞர்களுக்காகப் பயன்படுத்தச் சட்டம் எதுவும் மாற வேண்டியதில்லை. ஏழு பாடத்தோடு எட்டாவதாகப் பறையைச் சேர்க்கவும், நாதசுரத்துக்கும் தவிலுக்கும் உள்ள அதே 'எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்' என்ற விதியை அதற்கும் வைக்கவும் ஓர் அரசாணை போதும்.

வேலை இல்லாத சான்றிதழ் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். அரசின் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் எல்லாச் சாதியிலிருந்தும் 207 பேர் படித்துத் தேறினார்கள். வழக்கு, மேல்முறையீடு என்று ஆண்டுகள் ஓடி, 2021 ஆகஸ்டில்தான் அப்படிப் பயிற்சி பெற்றவர்களில் 24 பேருக்குச் சேர்ந்தாற்போல் நியமன ஆணை கிடைத்தது. இசை ஆசிரியர் நிலைமை அதைவிட மேல் என்று சொல்ல முடியாது. 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தையல், இசை எல்லாம் சேர்த்து. மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள். பிறகு தொகை உயர்ந்தது, நிரந்தரம் கேட்டு இன்னும் போராடுகிறார்கள். 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 1,325 சிறப்பாசிரியர் இடங்களை அறிவித்தபோது இசைக்கு நூறு இடம்கூட ஒதுங்கவில்லை. ஆகவே பட்டத்தைக் கேட்கும்போதே பணியிடத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பயந்துவிடுவாள். இப்போதைக்குக் கையில் இருப்பதைச் சொன்னோம். பி.ஏ. தமிழ் சேரலாம். முடித்ததும் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் முதுகலை இருக்கிறது, பறையை ஆய்வுப் பொருளாக எடுக்கலாம். கலை பண்பாட்டுத் துறை பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்களைத் தொடங்கியிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் மாலை வகுப்பு, ஆண்டு முடிவில் சான்றிதழ். அது பட்டம் அல்ல. ஆனாலும் அவள் பெயர் போட்ட முதல் தாளாக இருக்கும். எந்த மையத்தில் எந்தக் கலை என்பதைத் தூத்துக்குடி இசைப்பள்ளியில் நேரில் விசாரித்துக்கொள்ளலாம்.

அவள் பி.ஏ. தமிழ் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். தகப்பன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. மேசையிலிருந்த சான்றிதழ் நகல்களை அடுக்கி, மஞ்சள் பைக்குள் வைத்தார். கிளம்பும்போதுதான் கேட்டார்.

"அந்தச் சாயங்கால வகுப்புல பறை சொல்லிக்குடுக்கிறது யாரு தம்பி?"

தெரியவில்லை என்றோம்.

"ஒருநா வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார். "குச்சி புடிக்கத் தெரிஞ்ச ஆளான்னு பாக்கணும்ல."