மனை வாங்கிய பின் ஒரு யோசனை

சென்ற சித்திரைத் திங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல், நம் சங்கத்து இளைஞர் ஒருவர் தம் மனைவியாருடன் என் இல்லத்திற்கு வந்திருந்தார். சேலத்துப் பக்கத்தினின்று பிழைப்பை நாடி நாயுடுபேட்டைக்கு வந்தவர். ஆலையொன்றில் 12 ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கியிருக்கிறார். கையில் வீட்டின் வரைபடம் இருந்தது.

"ஐயா, மனையின் மேற்கு ஓரத்து வேப்பமரத்தை வெட்டிவிட்டு, நான்கடி உயரம் மண் நிரப்பி, ஆவணியில் கடைக்கால் போடலாமென்று இருக்கிறோம். தாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார்.

"சொல்லுகிறேன் தம்பி. முதலில் இருவரும் என் மாடியறையில் கால்மணி நேரம் அமர்ந்துவிட்டு வாருங்கள்" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் வியர்வை வழிய இறங்கி வந்துவிட்டனர்.

அவ்வீட்டைக் கட்டியவன் நான்தான். மேற்கு நோக்கிய பெரிய கண்ணாடிச் சன்னல், நிழலின்றி வெயிலில் காயும் கான்கிரீட் தளம். பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்து வைத்திருக்கும் அத்தளம், நாம் படுக்கப் போகும் வேளையில்தான் அதை உள்ளே விடத் தொடங்கும். அதுவாவது போகட்டும். மனையை விற்றவர், பின்புறம் புதராய்க் கிடந்த பள்ளத்தைக் காட்டி, "அது ஒன்றுமில்லை" என்றார். ஏரிக்கு நீர் செல்லும் பழைய கால்வாய் அது. 2021 நவம்பரில் சுவர்ணமுகி கரைபுரண்டு, திருப்பதித் தெருக்களிலேயே வெள்ளம் பாய்ந்ததே, அந்த மழையில் கால்வாய் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு என் சமையலறைக்குள் நுழைந்தது. பிள்ளைகளின் சான்றிதழ்களை அட்டத்தில் ஏற்றிவிட்டு இரவு முழுதும் நின்றிருந்தோம். ஆகவே நான் கூறுவது படித்தறிந்த புத்தியன்று, பட்டறிந்தது.

இவ்வூரின் இயல்பை நாம் ஓர்ந்து பார்க்க வேண்டும். சுவர்ணமுகி ஆண்டில் பல மாதம் வெறும் மணலாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தால் சில நாளில் பெருவெள்ளம் வந்துவிடும். அவ்வெள்ளத்தைத் தேக்கவே முன்னோர் ஏரிக்கு ஏரி கால்வாய் வெட்டி இணைத்தனர். ஒருவர் தம் மனையை நான்கடி உயர்த்தினால் நீர் மறைந்து விடுவதில்லை. அடுத்த வீட்டாரின் வாயிலுக்குச் செல்கிறது. அண்டைவீட்டாரிடம் நல்ல பெயர் எடுக்க வேண்டிய வந்தேறிக் குடும்பங்களுக்கு இது சிறு செய்தியன்று.

நாயுடுபேட்டைக்கும் சூளூர்ப்பேட்டைக்கும் இடையே நேலப்பட்டு என்னும் சிற்றூர் உண்டு. 1976-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்கு ஏரி நீரினுள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள் நிற்கின்றன. அவற்றின் மீது கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பறவைகளின் எச்சத்தால் உரமேறிய ஏரி நீர் வயலுக்குப் பாய்கிறது. நீர் நிற்க வேண்டிய இடத்தில் அதனை நிற்கவிட்டதால், மரத்திற்கும் பறவைக்கும் உழவனுக்கும் ஒருங்கே பயன் கிட்டியது. குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். தை மாதம் நல்ல காலம்.

கட்டடக் கலையிலும் இவ்வழியை மேற்கொண்டவர் ஒருவர் இருந்தார். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த லாரி பேக்கர் அவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களாலேயே வீடு கட்ட வேண்டும் என்று காந்தியடிகள் கூறியதைத் தம் வாழ்நாள் முழுதும் மனத்திற் கொண்டிருந்தார். திருவனந்தபுரம் உள்ளூரில் அவர் அமைத்த வளர்ச்சி ஆய்வு மையம், மேடு பள்ளத்தைச் சமன் செய்யாது, நிலத்தின் சரிவை ஒட்டியே எழுந்தது. செங்கல்லைச் சல்லடைபோல் இடைவெளி விட்டு அடுக்கியமையால் அங்குச் சுவரே காற்றுக்கு வாயிலாயிற்று.

அவர் பரப்பிய முறைகளுள் இரண்டு நமக்கும் உதவும். செங்கல்லைப் படுக்க வைக்காமல் ஓரத்தில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது ஒன்று. எலிப்பொறிக் கட்டு என்பர். செங்கல்லில் ஏறத்தாழ காற்பங்கு மிச்சமாகும். இடையிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். மற்றொன்று தளத்தைப் பற்றியது. கான்கிரீட்டின் மேற்பகுதியே அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது உள்ளிருக்கும் கம்பிதான். ஆகையால் கம்பிகளுக்கிடையே கீழ்ப்பகுதியில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்து, சிமெண்டைக் குறைக்கலாம். உலகில் வெளியேறும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலால் வருவதென்பர். சிக்கனம் நம் பணப்பைக்கு மட்டுமன்று. ஆயினும் இவ்விரண்டையும் பழகிய பொறியாளரின் மேற்பார்வையின்றிச் செய்யலாகாது.

இவற்றையெல்லாம் கேட்டபின் அவ்வம்மையார், "ஓட்டு வீடு போலிருந்தால், ஊரில் நம்மை மதிப்பார்களா ஐயா?" என்று வினவினார். நியாயமான கேள்வியே. அயலூரில் வாழ்பவன் கட்டும் வீடு, சொந்த ஊருக்கு அனுப்பும் செய்தியும் அன்றோ? நான் விடை கூறவில்லை. மாடியறைப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர்தான், "மதிப்பவர்கள் வந்து இரவில் தூங்கப் போவதில்லையே" என்றார். அம்மையார் சிரித்துவிட்டார்.

பின்னர் இரு வாரம் கழித்து மனையைச் சென்று பார்த்தேன். மண் நிரப்பும் எண்ணத்தைக் கைவிட்டு, வீட்டை மட்டும் தூண்கள் மீது உயர்த்துவதென முடிவு செய்திருந்தனர். கீழே மழைநீர் தடையின்றிச் செல்லும். ஓட்டுத் தளத்தைப் பற்றி மேஸ்திரி இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். மேற்கு வெயிலை மறைக்க வேம்பு நிற்கிறது. அதன் வேருக்கு இடம்விட்டுச் சமையலறையை மூன்றடி குறுக்கிச் சுண்ணாம்புக் கோடு இட்டிருக்கிறார்கள்.