களைப்பும் மனச்சோர்வும் ஒன்றல்ல

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒருவர் மாதக்கணக்கில் உடம்பு ஏலாமல் கிடந்தால், முன்பெல்லாம் வீட்டார் சத்து டொனிக் வாங்கிக் கொடுப்பார்கள். இரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் தெரியாவிட்டால், "எல்லாம் மனசுதான்" என்று முடித்துவிடுவார்கள். அதற்கு மேல் போனால் அங்கொடை மனநல வைத்தியசாலைப் பேச்சு வந்துவிடும் என்ற பயம்.

வைத்திய உலகமும் அன்று அப்படித்தான் இருந்தது. 1955இல் லண்டன் ரோயல் ஃப்ரீ வைத்தியசாலையில் ஏறத்தாழ 300 பேர் விளங்காத நோயொன்றில் விழுந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். 1970இல் இரண்டு மனநல வைத்தியர்கள் அவர்களை நேரில் பரிசோதிக்காமல், பழைய பதிவுகளை வைத்தே அதைக் கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். அந்த முத்திரை அழியப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அப்படியான நோயை இன்று நாட்பட்ட களைப்பு நோய் என்கிறார்கள். அதன் முக்கிய அடையாளமாகக் கொள்ளப்படுவது, சிறு வேலை செய்தாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு மொத்தமாகச் சரிவது. அடுத்தடுத்து 2 நாட்கள் சைக்கிள் மிதிக்க வைத்து மூச்சை அளந்த ஆய்வுகளில், இந்நோயாளிகள் பலருக்கு இரண்டாம் நாள் வலு குறைந்தது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கோ அளவான உடற்பயிற்சி பெரும்பாலும் நன்மையே செய்கிறது. கோர்ட்டிசோல் சுரப்பும் வேறு: கடும் மனச்சோர்வில் அது கூடுதலாகவும், களைப்பு நோயில் சற்றுக் குறைவாகவும் காணப்பட்டிருக்கிறது. இது குழுக்களின் சராசரிதான். ஒருவருடைய நோயை இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆசையிலும் வேறுபாடு உண்டு. மனச்சோர்வில் விருப்பமே வற்றிவிடும். களைப்பு நோயாளிக்கு விருப்பம் நிறைய இருக்கும், உடம்புதான் விடாது.

நமது கொழும்பும் இவ்வேறுபாட்டுக்குச் சாட்சி. கொழும்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 4,000 இரட்டையர்களிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. மனச்சோர்வின் காரணங்கள் களைப்பிலும் பங்கு கொள்கின்றன, ஆனாலும் களைப்புக்கென்றே தனிக் காரணங்களும் உண்டு என்று அது காட்டியது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து வரவும் கூடும்.

தவறான மருத்துவம் இங்கே கேடு செய்கிறது. "எழும்பி நட, சரியாகிவிடும்" என்ற அறிவுரை சிலரைப் படுக்கையிலேயே தள்ளியிருக்கிறது. படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சிச் சிகிச்சையை இந்நோய்க்குக் கொடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் வழிகாட்டி 2021இல்தான் சொன்னது. கொவிட்டுக்குப் பின் இதே போன்ற களைப்போடு தேறாதவர்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள்.

ஈமோகுளோபினும் தைரொயிட்டும் சீனியும் சரியாக இருந்தால், வைத்தியர்களே, இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "வேலை செய்த மறுநாள் உங்களுக்கு எப்படி இருக்கிறது?"