கூடிச் செய்யும் கலை
மாணவர் குறும்படம் ஒன்று உருவாகும் விதம்

கவிஞன் தனித்திருந்து பாடலாம். ஓவியன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தீட்டலாம். திரைப்படக் கலைக்கோ அந்தச் சுதந்திரம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஏழு நிமிடமே ஓடும் சிறு படமாயினும் எழுதுவோன், நடிப்போன், படம்பிடிப்போன், ஒலி பதிவோன், தொகுப்போன் எனப் பலர் கைகோத்தாலன்றி அது நன்கு உருப்பெறுவது அரிது. மாணவர்க்கு இது சிறந்ததொரு பயிற்சி என்று நாம் கருதுவதற்குக் காரணமும் அதுவே.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. அரசாங்கத் திரைப்படப் பிரிவிலே பணியாற்றிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், வில்லியம் பிளேக், டைட்டஸ் தொட்டவத்த என்னும் மூவர் அவ்வேலையைத் துறந்து வெளிவந்து ஆக்கிய படமே 1956 இல் வெளியான 'ரேகாவ'. ஒருவர் நெறியாளர், ஒருவர் ஒளிப்பதிவாளர், ஒருவர் தொகுப்பாளர். ஸ்ரூடியோச் சுவர்களை விட்டு நீங்கி, கிராமத்து வெயிலிலேயே அவர்கள் எடுத்த அப்படம் 1957 இல் பிரான்ஸ் தேசத்துக் கான் விழாவரை சென்றது. மூவர் தொழிலும் வேறு, நோக்கம் ஒன்று.

முதலில் காகிதம், பின்னரே கமரா

முற்காலத்தில் 16 மில்லிமீற்றர்ப் படச்சுருள் நூறு அடி வாங்கினால், அது மூன்று நிமிடங்கூட ஓடாது. ஆகையால் ஒவ்வோர் அடியையும் எண்ணி எண்ணியே செலவிட்டனர். இன்றோ மாணவன் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியே கமராவாகிவிட்டது. செலவு குறைந்தது, அதனோடு சிந்தனையும் குறைந்துவிடலாகாது.

எமது மாணவர் எண்மர் சென்ற ஆண்டு குறும்படம் ஒன்று செய்ய முன்வந்தபோது, கமராவைத் தொடுமுன் கணக்கொன்றைப் போடச் சொன்னோம். ஏழு நிமிடம் என்பது 420 விநாடி. ஒரு காட்சித்துண்டு சராசரி ஐந்து விநாடி நிற்குமாயின் 84 துண்டுகள் வேண்டும். கையிலிருந்தவையோ இரண்டு சனிக்கிழமைகள். வெள்ளமும் கலியாணமும் கப்பலும் நிறைந்திருந்த அவர்களது முதற் கதை அக்கணக்கின்முன் நிற்கவில்லை. இறுதியில் எஞ்சியது ஒரு வீடும் ஒரு படலையும் இரண்டு பாத்திரங்களும் மாத்திரமே.

கதை இதுதான். கடல் கடந்து சென்ற மகனின் கடிதத்துக்காக ஒரு முதியவள் நாள்தோறும் படலையடியிற் காத்து நிற்கிறாள். எழுத்தறியாத அவளுக்கு அயல்வீட்டுச் சிறுவன் பழைய கடிதமொன்றைப் புதிதுபோல வாசித்துக் காட்டுகிறான். ஒரு நாள் அவன் அடுத்த வரியை வாசிக்குமுன் அவளே அதைச் சொல்லிவிடுகிறாள். அவள் தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் அறிந்திருந்தாள்!

படப்பிடிப்பு நாட்கள்

கதையின் ஒழுங்கிலே படம் பிடிப்பதில்லை. படலையடிக் காட்சிகள் அனைத்தும் ஒருங்கே எடுக்கப்படும். திண்ணைக் காட்சிகள் வேறொரு வேளையில். ஆதலால் எந்தத் துண்டில் எந்தச் சட்டை, கடிதம் எந்தக் கையில் என்பவற்றைக் குறித்துவைக்க ஒருவன் தேவை. அதைச் சிறுபணி என்று எவரும் விரும்பவில்லை. சிறுவனாக நடித்தவன் இரண்டாம் சனிக்கிழமை தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றபோதுதான் குறிப்பேட்டின் அருமை புலப்பட்டது. முகந் தெரிய எடுக்க வேண்டியவை எவை, முதுகுப்புறமாகத் தொப்பியுடன் எடுக்கக்கூடியவை எவை என்று அவ்வேடே வழிகாட்டிற்று.

வேறு சில விதிகளும் உண்டு. இருவர் உரையாடும்போது கமரா அவர்களுக்கு ஒரு பக்கத்திலேயே நிற்றல் வேண்டும்; மறுபக்கம் தாண்டினால், எதிரெதிரே நிற்பவர்கள் திரையில் ஒரே திசையை நோக்குவதுபோல் தோன்றுவர். எடுத்து முடிந்த இடத்தில் அனைவரும் வாய்மூடி நிற்க, அரை நிமிடம் காற்றொலியையும் காகத்தின் கரைதலையும் மாத்திரம் பதிவுசெய்தல் நன்று. தொகுக்கையில் வெட்டுப்பட்ட இடங்களை அவ்வொலி இழைத்துவிடும்.

வெட்டும் கத்தி

உண்மையான சோதனை தொகுப்பறையிலேதான் நேர்ந்தது. ஒரு மாணவன் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, குளிரிற் சைக்கிள் மிதித்துச் சென்று, கடனீரேரிமேல் ஞாயிறு எழுவதைப் படம்பிடித்து வந்தான். அதனினும் அழகிய துண்டு படத்தில் இல்லை. காத்து நிற்கும் முதியவளின் முகத்தை அடுத்து அதை வைத்தனர். ஆயினும் ஏதோ பிசகிற்று.

இவ்விடத்திலே மொஸ்கோவில் நிகழ்ந்த பரிசோதனையொன்றை அவர்களுக்கு எடுத்துரைத்தோம். 1919 இல் அங்கு அரச திரைப்படப் பள்ளி தோன்றிய காலத்தில் படச்சுருளுக்குப் பெரும் பஞ்சம். லெவ் குலெஷொவ் என்னும் இளம் ஆசிரியர், சுருளே இல்லாமல் மேடையில் நடித்துப் பழகும் 'படங்களை' மாணவரைக்கொண்டு செய்வித்தார். பழைய படத்துண்டுகளை வெட்டி ஒட்டியும் ஆராய்ந்தார். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒருமுறை சூப்புக் கோப்பையோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும், ஒருமுறை பொம்மையோடு விளையாடும் சிறுமியோடும் இணைத்தனராம். முகம் ஒன்றே, பார்த்தோரோ ஆழ்ந்த சிந்தனையையும் துயரையும் மகிழ்வையும் வெவ்வேறாகக் கண்டு நடிகரின் திறமையை வியந்தனர் என அவருடைய மாணவர் புடோவ்கின் எழுதியுள்ளார். ஒரு துண்டின் பொருளை அயல்துண்டு மாற்றிவிடும் என்பதே பாடம்.

ஆகவே, கதையறியாத கீழ்வகுப்பு மாணவர் சிலருக்கு இருவிதமாகவும் காட்டச் செய்தோம். சூரியோதயம் இருந்தபோது, "மகன் வரப்போகிறான்" என்றனர். இல்லாதபோது, "பாவம், காத்துக்கொண்டிருக்கிறா" என்றனர். அழகிய அத்துண்டு, கதை தரமுடியாத நம்பிக்கையைத் தந்துவிட்டது.

எடுத்தவன் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றான். இரண்டு நாள் தொகுப்பறைப் பக்கமே வரவில்லை. படம் பிழைத்து நண்பன் போய்விடுவானோ என்று ஏனையோர் கலங்கினர். மூன்றாம் நாள் வந்தவன் தானே கணினியின் முன்னமர்ந்து அத்துண்டை நீக்கினான். பின்னர், "அந்த முகத்தை இன்னும் இரண்டு விநாடி நிற்க விடுவோம்" என்றான். படத்தின் மிகச் சிறந்த இரண்டு விநாடிகள் அவைதாம்.

கைதூக்கி வாக்கெடுத்திருந்தால் ஒருவன் தோற்றிருப்பான். படத்தைக் காட்டிக் கேட்டதனால் எவரும் தோற்கவில்லை. கூட்டுமுயற்சிக்கு இறங்கும் இளைஞர்க்கு நாம் கூறக்கூடியது இவ்வளவே: பணிகளை முதலிலேயே பங்கிடுங்கள், எடுத்தவற்றை அன்றன்றே ஈரிடத்திற் பிரதிசெய்து வையுங்கள், கருத்து வேறுபட்டால் குரலை உயர்த்தாது, துண்டை ஓட்டிப் பாருங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை கைத்தொலைபேசியுடன் வேலியோரம் நிற்பதைக் கண்டவுடன் வீண்பொழுது என்று கடிந்துகொள்ள வேண்டாம். எதைப் பார்க்கிறான் என்று கேளுங்கள். தன் உழைப்பிலே எதை வைப்பது, எதை விடுவது என்று பிறரோடு கூடியிருந்து தீர்மானிக்க அவன் கற்றுக்கொண்டிருக்கவும் கூடும். அக்கல்வி எந்தப் பரீட்சைத் தாளிலும் இல்லை. வாழ்க்கைக்கோ நாள்தோறும் வேண்டியது.