சாம்பசிக் கரையில் ஒரு ஜன்னல்

பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது நண்பர் ஒருவர், "ரயில்வேயில் இருந்த உங்களுக்கு ஆப்பிரிக்காவில் என்ன சார் வேலை?" என்று கேட்டார். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் டிப்ளமா முடித்து பி.டபிள்யூ.ஐ. ஆக வேலைக்குச் சேர்ந்தவன். தண்டவாளம், ஜல்லி, ஸ்லீப்பர் தவிர வேறு உலகம் அறியாதவன். 2006-ல் டெபுடேஷனில் மொசாம்பிக் போகிறாயா என்று கேட்டபோது, மகளின் பள்ளிக்கூட அட்லஸில் தேடித்தான் அந்த நாட்டைக் கண்டுபிடித்தேன். "அங்கே சிங்கம் உண்டாமே" என்று என் மனைவி கவலைப்பட்டாள். சிங்கம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள்.

1975-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து விடுதலை பெற்ற நாடு அது. 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். பெய்ரா துறைமுகத்தையும் மொவாடிஸே நிலக்கரி வயலையும் இணைக்கும் சேனா லைன் அந்தப் போரில் சிதைந்து போயிற்று. நாங்கள் போனபோது தண்டவாளங்களுக்கு நடுவே மரங்கள் நின்றன. வெடி அகற்றுகிறவர்கள் "இதுவரை போகலாம்" என்று காட்டிய எல்லைக்குள்தான் எங்கள் சர்வே. அங்கே 1067 மி.மீ. கேஜ், நம் பழைய மீட்டர் கேஜைவிட 67 மி.மீ. தான் அகலம். மாயவரத்தில் மீட்டர் கேஜ் வண்டிச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு, அதைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

முதல் மாதம் பாஷை தெரியாமல் ஊமையாக இருந்தேன். ஒருநாள் புழுக்கம் தாங்காமல் நான் விசிறிக்கொண்டிருக்க, எங்கள் கேங் மேட் "ஜனெலா, ஜனெலா" என்று சொல்லியபடி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். மேசைக்கு மேஸா, சாவிக்கு ஷாவெ, அலமாரிக்கு அர்மாரியோ! போர்ச்சுகீசியர் நம் கரையில் விட்டுப்போன சொற்கள்தாம். என் வீட்டுச் சாமான்களெல்லாம் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாற்போல் இருந்தது.

அதன்பின் அந்த மேட் வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. சோள மாவில் கிண்டிய ஷிமா, நம் களியேதான். மரவள்ளி இலையை இடித்து, நிலக்கடலையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்யும் மடாப்பாவை எனக்காக இறால் போடாமல் சமைப்பார் அவர் மனைவி. (செய்முறை வேண்டுவோர் என்னிடம் கேட்கலாம், மரவள்ளி இலையை நன்றாக வேகவைக்காவிட்டால் விஷம்.)

ஜல்லி வண்டி முதன்முதலாக வந்த அன்று கிராமமே திரண்டுவிட்டது. இருபது வயதுப் பையன்கள் ரயிலையே பார்த்ததில்லை. போருக்கு முன் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த முதியவர் ஒருவர் குனிந்து தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தார். முப்பது வருட சர்வீஸில் என் வேலைக்கு அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.

மூன்றரை கி.மீ.க்கும் அதிகமான டோனா ஆனா பாலம் சாம்பசி நதிமேல் மறுபடி ரயிலுக்குத் திறந்தது 2009-ல். அந்த வருடமே என் தவணை முடிந்தது. இன்னும் இரண்டு வருடம் இருங்கள் என்றார்கள். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. மனைவி போனில் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். திரும்பிவிட்டேன். அவளிடம் அன்று நான் பேசிய விதம் சரியில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

2019 மார்ச் 14 இரவு இடாய் புயல் பெய்ராவைத் தாக்கியது. இந்தியக் கடற்படையின் சுஜாதா, ஷார்துல் கப்பல்களும் கடலோரக் காவல்படையின் சாரதி கப்பலும் உதவிக்குப் போயின என்று செய்தியில் பார்த்தேன். மேட் அப்போது பெய்ராவில் மகனோடு இருந்தார். தினமும் போன் செய்தேன், மணியே அடிக்கவில்லை. "இன்னும் ஒருதரம் போடுங்களேன்" என்று மனைவிதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டார். கூரை போய்விட்டது, எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்றார். பிறகு என் மகள் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தார்.

போன மாதம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேருடையதையும்.