மருந்துக் கூர்க்கன்: கொழுந்துத் துண்டுகளை வீட்டிலேயே வேர்விடச் செய்யும் முறை

சேலம், தர்மபுரி, கள்ளக்குறிச்சி ஜில்லாக்களில் செம்மண் நிலமுடைய குடியானவர் பலர் மருந்துக் கூர்க்கன் என்னும் கிழங்குப் பயிரைச் சாகுபடி செய்து வருகின்றனர். இது துளசி, புதினா, தோட்டங்களில் அழகுக்கு வைக்கும் ஸால்வியா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் கிழங்கிலிருந்து போர்ஸ்கோலின் என்னும் மருந்துச் சரக்கு பிரித்தெடுக்கப்படுகின்றது. கறிக்கு உதவும் சிறுகிழங்கு இதற்கு நெருங்கிய இனமேயாயினும் வேறு செடியாகும்.

இப்பயிரை விதையினின்று உண்டாக்குதல் அனுகூலமன்று. விதை மிகச் சிறியது; முளைத்து வளர நாட்செல்லும்; நாற்றுக்களும் ஒரே சீரான குணமுடையனவாக இருப்பதில்லை. கொழுந்துத் துண்டை நட்டால் தாய்ச்செடியின் குணம் மாறாமல் வரும். ஆனால் குணம் வருவதுபோலவே நோயும் உடன் வரக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வாங்கிய செடியால் நேரும் தீங்கு

வேர்விட்ட செடிகளை மண்ணுடன் விலைக்கு வாங்கி நடுவது வழக்கமாக இருக்கின்றது. அவ்வேரிலும் மண்ணிலும் வேர்முடிச்சு நூற்புழு இருந்தால், அது கண்ணுக்குப் புலப்படாமலே நிலத்திற் குடியேறிவிடும். இப்புழு பற்றிய வேர் முடிச்சு முடிச்சாக வீங்கும், செடி குன்றும், கிழங்கு பெருக்காது, அழுகலுக்கும் எளிதில் இடங்கொடுக்கும். அன்றியும், இது அந்த ஒரு போகத்துடன் நீங்குவதில்லை. பின்னர் வைக்கும் தக்காளி, கத்தரி, வெண்டைப் பயிர்களையும் தாக்கும்.

வேரில்லாத கொழுந்துத் துண்டில் இப்புழு இராது. ஆகையால் துண்டை மாத்திரம் கொண்டுவந்து, சுத்தமான மண்ணில் தாமே வேர்விடச் செய்துகொள்ளுதல் பாதுகாப்பான வழியாகும். வாடல் நோய்க்குரிய பாக்டீரியாவோ தண்டினுள்ளும் தங்கக்கூடியது. எனவே தாய்ச்செடியைப் பார்த்துத் தெரிந்தெடுப்பதும் அவசியம்.

தாய்ச்செடி

கிழங்கு எடுக்குங் காலத்தில், நிலத்தின் பல இடங்களிலும் சில செடிகளைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். முடிச்சு இல்லையெனின், அந்நிலத்தின் ஒரு பகுதியை வெட்டாமல் தாய்ச்செடிக்காக நிறுத்தி, நீர்பாய்ச்சி, பூங்கொத்துக்களைக் கிள்ளிவிட்டால் கொழுந்துகள் மிகுதியாக வரும்.

வாடிய செடி ஏதேனும் காணப்பட்டால், அதன் அடித்தண்டில் 3 அங்குலத் துண்டை நறுக்கி, தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் வெட்டுமுனை மாத்திரம் நீரில் மூழ்கும்படி அசையாமல் பிடிக்க வேண்டும். சில நிமிஷங்களில் வெண்ணூல் போன்ற பால் நிறத் திரவம் கீழ்நோக்கி ஒழுகினால் அது பாக்டீரியா வாடல் எனக் கொள்ளலாம். அந்நிலத்தில் மற்றச் செடிகள் பசுமையாகத் தோன்றினாலும் துண்டு எடுத்தல் கூடாது.

நாற்றங்கால்

முந்திய போகத்தில் தக்காளியோ கத்தரியோ வைத்த இடத்தை விலக்குக. நீர் தேங்காத இடத்தில் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமமாகக் கலந்து, 4 அடி அகலத்தில் மேட்டுப்பாத்தி அமைக்க வேண்டும். பங்குனிக் கடைசியில் பாத்தியை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து 5 வாரம் விட்டால், வெயிலின் உஷ்ணத்தால் மேல்மண்ணிலுள்ள நூற்புழுக்களும் களைவிதைகளும் பெரும்பாலும் அழியும்.

துண்டு நடுதல்

வைகாசியில் அதிகாலையில், பூவாத கொழுந்துகளை 4 முதல் 5 அங்குல நீளம், 3 அல்லது 4 ஜோடி இலையுடன் நறுக்குக. வெட்டு ஒரு கணுவிற்குச் சற்றுக் கீழே அமைய வேண்டும். கணுவிலிருந்தே வேர் எளிதில் புறப்படும். கத்தியை அடிக்கடி சோப்பு நீரில் கழுவித் துடைத்துக்கொள்க. துண்டுகளை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, அன்றே நட்டுவிட வேண்டும். கீழுள்ள இலைகளை நீக்கி, இரண்டு கணு மண்ணுள் இருக்கும்படி 3 அங்குல இடைவெளியில் நட்டு, விரலால் அழுத்திவிடுக.

வேரில்லாத துண்டு, இலைவழி இழக்கும் நீரை மண்ணிலிருந்து ஈடுசெய்ய இயலாது. ஆதலால் தென்னங்கீற்றுப் பந்தலின் நிழல் இன்றியமையாதது. பூவாளியால் காலையும் மாலையும் சிறிது நீர் தெளித்தால் போதும். மண் சேறானால் அடித்தண்டு கறுத்து அழுகும். புதுத்தளிர் விடுவது வேர் பிடித்ததற்கு அறிகுறி. அதன்பின் பந்தலைச் சிறிது சிறிதாகப் பிரித்து வெயிலுக்குப் பழக்கினால் ஒரு மாதத்தில் செடி நடவுக்கு ஏற்றதாகும்.

கணக்கு

வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடியாக நட, ஏக்கருக்கு 14,520 செடி வேண்டும். பட்டுப்போவனவற்றையும் உத்தேசித்து 16,000 துண்டு வைப்பது நலம். 4 அடி அகலமும் 25 அடி நீளமுமுள்ள 10 பாத்திகளில் இவை அடங்கும்.

நடுவதற்குமுன் ஒவ்வொரு பாத்தியிலும் 10 செடிகளை எடுத்து வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். முடிச்சுக் கண்டால் அப்பாத்தி முழுவதையும் பிடுங்கி எரித்துவிடுக. ஒரு பாத்தி போவது 1,600 துண்டின் நஷ்டமே. அதை வயலில் நட்டால் நிலமே பழுதாகும்.

இக்கிழங்கை மருந்து வியாபாரிகளே வாங்குவதால், விலையையும் வாங்கும் நிபந்தனைகளையும் நடவுக்கு முன்பே எழுத்து மூலம் முடிவு செய்துகொள்ளுதல் நலம். நோயற்ற தாய்நிலம் தம் கிராமத்தில் எது என்பதைக் கிராம அலுவலர்கள் அறிந்து மற்றக் குடியானவர்களுக்குத் தெரிவித்தால், வெளியூர்ச் செடிகளை வரவழைக்கும் அவசியம் பெரிதும் குறையும்.